வழக்குக்கு வைத்த வெற்றிலை பாக்கு

கலியமூர்த்திக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்க்கிற அத்தனை பேரும் சொல்வார்கள். அது முக்கால்வாசிதான் உண்மை. பொய் சொல்லத் தெரியாதவருக்குச் சொல்லாமல் விடத் தெரியும். கேட்டால் தலையைச் சொறிவார், மழையைப் பற்றிப் பேசுவார், எழுந்து போய்ச் சூளையைப் பார்ப்பார். அப்படிச் சொல்லாமல் விட்டுவிட்டே குடியிருக்கிற வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தார் என்றால் அந்த மனுஷனை என்னவென்று சொல்வது? அவர் பெண்டாட்டி திரௌபதியும் சேர்ந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒருத்தர் மேல் மட்டும் பழியைப் போடக் கூடாது.

ஒரே மனைதான். முன்பக்கம் வீடு, நடுவில் விளக்கும் பொம்மையும் காயவைக்கிற களம், அதையொட்டிச் சின்னச் சூளை, பின்பக்கம் காலியிடம். சூளை போட்டபோது மொத்த மனையையும் விருத்தாசலத்துப் பக்கத்து மங்களூர்க்காரர் ஒருவரிடம் அடமானம் எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினார் கலியமூர்த்தி. பிறகு மகள் வேல்விழியை நல்லூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை பிரபாகரனுக்கு நெய்வேலியில் வேலை. சம்பந்தி மாயவன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எரிவாயுவில் சுடுகிற கேஸ் சூளை போட வேண்டும் என்று தன் பெண்டாட்டியோடு சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்து, கலியமூர்த்தியின் பின்பக்க இடத்தைக் கம்பெனி பேருக்குக் கிரயம் வாங்கினார். கிரயப் பணத்தைக் கையில் தர வேண்டாம், மங்களூர்க்காரர் கடனை நீங்களே அடைத்துவிடுங்கள் என்று பேச்சு. பேசியதோடு சரி. அதற்குப் பிறகு கட்டினீர்களா, எவ்வளவு கட்டினீர்கள் என்று கலியமூர்த்தி ஒரு நாளும் கேட்கவில்லை. பெண் கொடுத்த இடத்தில் கணக்குக் கேட்பது மரியாதையா?

ஆடி மாசம் மங்களூர்க்காரர் வழக்குப் போட்டார். ஒரு பைசா வரவில்லை, மனையை ஏலம் விட்டு என் கடனைத் தீர்த்துத் தர வேண்டும் என்று. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்த கலியமூர்த்தி ஒன்றாம் பிரதிவாதி, கூடக் கையெழுத்துப் போட்ட திரௌபதி இரண்டாம் பிரதிவாதி. சம்மனை வாங்கிய கலியமூர்த்தி, வக்கீல் இளமதியிடம் "கட்டிட்டம்மா" என்று மட்டும் சொன்னார். யார் கட்டினார்கள் என்று சொல்லவில்லை. பின்பக்கத்தை விற்றதையும் சொல்லவில்லை. வில்லங்கம் போட்டுப் பார்க்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டபோது, "அதுல என்னாம்மா இருக்கப்போவுது" என்று தலையைச் சொறிந்தார்.

மாயவன் வாரத்தில் இரண்டு நாள் கேஸ் சூளையைப் பார்க்க வருவார். வரும்போதெல்லாம் திரௌபதி டீ போட்டுக் கொடுப்பாள். மூன்று பேரும் உட்கார்ந்து முந்திரி விலை, மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்த கதை, வேல்விழிக்கு மசக்கை நின்றதா இல்லையா என்று எல்லாம் பேசுவார்கள். வழக்கைப் பற்றி மட்டும் பேச்சு வராது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. கார்த்திகைக்கு ஐந்துமுக விளக்கு கேட்டு கும்பகோணத்து வியாபாரி தினம் போன் போடுகிறான். இங்கே அச்சு காயவில்லை. மண் கரைசலை ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்ச வேண்டும், அப்போதுதான் விளக்கு கழன்று வரும். மழையில் அச்சே சொதசொதவென்று இருந்தால் எதை உறிஞ்சும்? திரௌபதி ஒவ்வோர் அச்சாக அடுப்படிக்குக் கொண்டுபோய் அனலில் காட்டிக் காட்டி எடுத்து வந்தாள்.

"இப்பிடி ஒவ்வொண்ணா ஒத்தடம் குடுத்துகினு இருந்தா அடுத்த கார்த்திகைக்குத்தான் ஆவும்" என்றார் கலியமூர்த்தி. விளிம்பில் பிசிறு சீவிக்கொண்டிருந்தார்.

"நீங்க சீவறத சீவுங்க. போன தடவ நீங்க சீவினதுல பாதி வெளக்குக்கு மூக்கே இல்ல."

"மூக்கு இல்லாட்டி எரியாதா?"

"ஒங்க வூட்ல எரியும்."

அந்த நேரத்தில்தான் இளமதி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். மழைக்கோட்டுக்குள் வழக்குக் கட்டு கசங்காமல் கொண்டுவந்திருந்தாள். இரண்டு தடவை வரச்சொல்லியும் கலியமூர்த்தி கையெழுத்துப் போட வராததால் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். நல்லூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயசுகூட இருக்காது, ஆனால் கோர்ட்டில் நின்று பேசினால் கணீரென்று இருக்கும். கையெழுத்து வாங்கியதும் கை கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனாள். போனவள் சீக்கிரம் திரும்பவில்லை. திரும்பியபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஐயா, பின்னாடி ஒரு போர்டு இருக்குதே, அது யாரோடது?"

"எந்த போர்டும்மா?"

கட்டில் அகலத்துக்கு இருக்கிறது அந்தப் போர்டு. நீலத்தில் மஞ்சள் எழுத்து.

"ஸ்ரீ பெரியநாயகின்னு போட்டிருக்குதே."

"அதுவா? அது அம்மன் பேரும்மா. நம்ம கோயிலு அம்மன்."

"அம்மன் பேருக்குப் பின்னாடி செராமிக்ஸ் பிரைவேட் லிமிடெட்னு இருக்குதுங்க ஐயா."

கலியமூர்த்தி தலையைச் சொறிந்தார். பிறகு, "இந்த மழ விடாது போலிருக்குது" என்றார்.

திரௌபதிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கையில் இருந்த அச்சைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் எத்தன நாளைக்கு முழுப் பூசணிக்காய சோத்துல மறைப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, இளமதியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கல்யாணம், கம்பெனி, கிரயம், கடனைச் சம்பந்தி கட்டுவதாகப் பேசியது, கேட்காமல் விட்டது, எல்லாம்.

இளமதி பலகையில் உட்கார்ந்துவிட்டாள். கோபப்படத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் சிரிப்பு வந்துவிட்டது.

"ஊரு மனுஷன், பொய் சொல்ல மாட்டாருன்னு நானும் வில்லங்கம் பாக்காம வுட்டன் பாருங்க, என்னச் சொல்லணும். அம்மா, நல்லா கேட்டுக்குங்க. அடமானத்துல இருக்கற எடத்துல யாருக்கெல்லாம் பாத்தியத இருக்குதோ, அத்தன பேரும் கேசுல இருக்கணும். பாதி எடம் கம்பெனி பேர்ல இருக்குது. கடனக் கட்டினதும் கம்பெனின்னு சொல்றீங்க. அவங்கள வுட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் மட்டும் நின்னா, கட்டினதுக்கு என்னா சாட்சி? கட்டலன்னுதான் தீர்ப்பு வரும். ஏலம்னு வந்தா மொதல்ல போறது இந்த வூடு."

"அவங்கள எப்பிடிச் சேக்கறது?" என்றார் கலியமூர்த்தி.

"மனு போட்டுத்தான். மூணாவது பிரதிவாதியா."

"பிரதிவாதியா?" கலியமூர்த்தி எழுந்தே விட்டார். "சம்பந்திய குத்தவாளிக் கூண்டுல ஏத்தறதா?"

"கூண்டும் இல்ல, குத்தமும் இல்லைங்க ஐயா. இது பணத்துக் கேசு. அவங்களும் ஒரு ஆளு, அவங்க பேச்சையும் கேளுங்கன்னு கோர்ட்டுகிட்ட சொல்றம், அவ்வளவுதான்."

"கோர்ட்டு அமீனா போவானாம்மா நல்லூருக்கு?" என்று கேட்டாள் திரௌபதி.

"நோட்டீசு போவும்."

"எம் பொண்ணுக்கு ஏழாம் மாசம். இன்னும் வளைகாப்புக்கு நாளு குறிக்கல. வளைகாப்பு முடிச்சி இங்கதான் அழைச்சிகினு வரணும். அமீனா போயி அவங்க வாசல்ல நின்னா பொண்ண அனுப்புவாங்களா?"

இளமதி கட்டை மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"சேக்கலன்னா அனுப்பினாலும் அழைச்சிகினு வர்றதுக்கு வூடு இருக்காதும்மா. நோட்டீசு போறதுக்கு முன்னாடி நீங்களே போயி ஒரு வார்த்த சொல்லிடுங்க. அடுத்த வாய்தாவுக்குள்ள நான் மனுவப் போட்டுடறன்."

அன்று சாயங்காலம் கேழ்வரகு அடையும் மிளகு ரசமும். மழைக்கு அடை மொறுமொறுவென்று இருந்தது. ஆனால் கலியமூர்த்தி பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"தின்னுங்க. அடை மேல என்னா கோவம்?"

"எனக்கு ஒரு பயம்டி."

"அதான் தெரியுமே. மானம் போயிடும்னு பயம்."

"அது இல்ல." அவர் குனிந்தபடியே சொன்னார். "கட்டியிருந்தா பிரச்சன இல்ல. மாயவன் கட்டாம வுட்டிருந்தா? மங்களூர்க்காரன் சொல்றது உண்மையா இருந்தா? அது வெளிய வந்துதுன்னா வூடும் போச்சி, சம்பந்தமும் போச்சி. பொண்ணு நடுவுல மாட்டிக்கும். அதனாலதான் நான் கேக்கவே இல்ல. கேக்காத வரைக்கும் கட்டியிருக்காருன்னே நெனச்சிகினு இருக்கலாம் இல்ல?"

திரௌபதி கரண்டியைக் கீழே வைத்தாள். இத்தனை மாசமாக அவள் மனசிலும் அதேதான் இருந்தது. அவளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரே பாயில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே பயத்தைப் பயந்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"சொன்னா வெக்கம், அழுதா துக்கம்னு இருந்தா வூட்ட எவன் காப்பாத்துவான்? நல்லது கெட்டது எல்லாத்துக்கும் அவங்கள முறையா போயி அழைக்கறம். காதுகுத்துக்கு அழைக்கறம், புது சூளைக்குத் தீ வைக்கறதுக்கு அழைக்கறம். இதுக்கும் போயி அழைப்பம்."

"எதுக்கு?"

"கேசுக்கு. தட்டுல வெத்தல பாக்கு பழம் வச்சி, எங்க கேசுல வந்து சேருங்கன்னு அழைப்பம்."

"ஏண்டி, கேசுக்கு எவனாவது வெத்தல பாக்கு வைப்பானா? கேட்டா ஊரு சிரிக்காது?"

"சிரிக்கட்டும். அமீனா போயி நிக்கறதுக்கு நாம போயி நிக்கறது மேலு."

கலியமூர்த்தி யோசித்தார். யோசித்துவிட்டு மிச்ச அடையைத் தின்றார். அது சம்மதம் என்று திரௌபதிக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நல்லூர் பஸ்ஸில் போனார்கள். திரௌபதி மடியில் எவர்சில்வர் தட்டு, அதன் மேல் மஞ்சள் துணி. இரண்டு பக்கமும் மக்காச்சோளம் நனைந்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் துணியை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வளைகாப்பா? நிச்சயதார்த்தமா?" என்று கேட்டாள். "அந்த மாதிரிதான்" என்றாள் திரௌபதி. கலியமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சம்பந்தி வீட்டில் மரவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்த வாசனை வாசல் வரைக்கும் வந்தது. மாயவன் பெண்டாட்டி ராஜம்மாள் தட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல், பெரிய மனசு. கோபமும் பெரிசு.

"வாங்கண்ணா, வாங்க அண்ணி! நானே இன்னிக்கி போன் போடலாம்னு இருந்தன். வேலு, யாரு வந்திருக்காங்க பாரு! ஏங்க, அந்த காலண்டர எடுத்தாங்க. கார்த்திக பொறந்ததும் நல்ல நாளு இருக்குது, வளைகாப்ப வச்சிடலாம்."

வேல்விழி இடுப்பில் கைவைத்துக்கொண்டு மெதுவாக வந்தாள். "என்னாம்மா, சொல்லாம கொள்ளாம தட்டோட வந்துட்ட?" என்று சிரித்தாள். மாயவன் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கிழங்கும் வந்தது, தொட்டுக்கொள்ள வெல்லமும் வந்தது. கலியமூர்த்தி கிழங்கை எடுத்து ஊதினார். ஆறிப்போன பிறகும் ஊதினார்.

அவர் சொல்லப்போவதில்லை என்று திரௌபதிக்குப் புரிந்துவிட்டது. எழுந்து தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி, இது வளைகாப்புக்கு இல்ல."

"பின்ன?"

"கேசுக்கு."

"எந்தக் கேசுக்கு?"

"மங்களூர்க்காரன் எங்க மேல போட்டிருக்கற கேசுக்கு. கடனக் கட்டலன்னு வூட்ட ஏலத்துக்குக் கேக்கறான். பின்பக்கம் ஒங்க கம்பெனி பேர்ல இருக்கறதால நீங்களும் கேசுல இருக்கணும்னு வக்கீலு சொல்லுது. ஒங்க பேர்ல நோட்டீசு வரும். அது வர்றதுக்கு முன்னாடி நாங்க வந்து முறையா அழைக்கணும்னு வந்தம். தப்பா நெனச்சிக்காதீங்க. வந்து எங்ககூட நில்லுங்க."

வேல்விழி அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். மாயவன் கையில் இருந்த காலண்டரை மடியில் வைத்தார்.

"எப்பலேருந்து நடக்குது கேசு?" என்று கேட்டாள் ராஜம்மாள். குரல் தாழ்ந்திருந்தது. அவள் குரல் தாழ்ந்தால் ஊரே பயப்படும்.

"ஆடியிலேருந்து."

"ஆடியிலேருந்து! ஆடி, ஆவணி, பொரட்டாசி, ஐப்பசி! எங்க வூட்டுக்காரரு வாரா வாரம் ஒங்க வூட்ல வந்து டீ குடிச்சிட்டு வராரு. நீங்க கோர்ட்டுக்கு அலைஞ்சிகினு இருந்திருக்கீங்க. எங்களுக்கு ஒரு வார்த்த இல்ல. ஏன் அண்ணி, எங்களச் சேத்துட்டீங்கன்னா எனக்குக் கோவம்? மொதல்லியே சேக்காம வுட்டீங்களே, அதான் எனக்குக் கோவம்! பத்திரிக அடிச்சி ஊரெல்லாம் குடுத்துட்டு, சம்பந்தி பேர மட்டும் போடாம வுட்ட மாதிரி இருக்குது. எங்கள அசலாளுன்னு நெனச்சிட்டீங்க இல்ல?"

திரௌபதி இதை எதிர்பார்க்கவேயில்லை. திட்டுவார்கள் என்று வந்தாள், பெண்ணை அனுப்ப மாட்டோம் என்பார்கள் என்று வந்தாள். ஏன் சேர்க்கவில்லை என்று சண்டைக்கு வருவார்கள் என்று யார் கண்டது? தட்டோடு அப்படியே நின்றாள்.

மாயவன் எழுந்து வாசலுக்குப் போனார். தூறலில் நின்றார். கலியமூர்த்தி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லிவிடுவார், கட்டவில்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தார். மாயவன் திரும்பி வந்து கலியமூர்த்திக்கு எதிரில் குந்தினார்.

"மச்சான், நான் ஒண்ணு சொல்லணும். நீங்க என்னத் திட்டக் கூடாது."

"சொல்லுங்க."

"பணத்த எல்லாம் பேங்கு மூலமாதான் கட்டினன். கம்பெனி கணக்குலேருந்துதான் போச்சி. ஆனா கடைசித் தவணைய அந்தாளு வாங்க மாட்டன்னுட்டான். மூணு மொற திருப்பி அனுப்பிட்டான். நேர்ல போனன். வட்டி சரியா போடல, என் லாரியில நீ மண்ணு ஏத்தின வாடகைக்கு வரவு வச்சிட்டன்னு என்னென்னவோ கத சொன்னான். நான் ஒங்ககிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? பொண்ண எடுத்துகினு, எடத்தயும் வாங்கிகினு, ஒரு கடன முடிக்கத் துப்பு இல்லாம முழிக்கறான்னு நெனப்பீங்க. அதான் அவன எப்பிடியாவது சரிகட்டிட்டு அப்பறமா சொல்லிக்கலாம்னு இருந்தன். கோர்ட்டுக்குப் போவான்னு எனக்குத் தெரியாதே!"

கலியமூர்த்தி உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத மாதிரி கண்ணில் தண்ணீர். "நான் கட்டினீங்களான்னு கேக்கல, நீங்க கட்ட முடியலன்னு சொல்லல. வாராவாரம் டீ மட்டும் குடிச்சிருக்கறம்."

"முறுக்கும் தின்னம்" என்றார் மாயவன்.

"நல்ல ஆம்பளைங்க!" என்றாள் ராஜம்மாள். "ரெண்டு பேரும் மானத்த பொட்டியில வச்சி பூட்டிட்டு, சாவிய மங்களூர்க்காரன் கையில குடுத்திருக்கீங்க."

வேல்விழி சுவரிலிருந்து நிமிர்ந்தாள். "யம்மா, தட்ட எவ்வளவு நேரம் தூக்கிகினு நிப்ப? யாருகிட்டயாவது குடு."

அங்கேதான் அடுத்த சிக்கல். தட்டை யாரிடம் கொடுப்பது? மாயவன் கையை நீட்டினார். ராஜம்மாள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்க எதுக்கு நீட்டறீங்க? கேசுல சேக்கறது ஒங்களயா, கம்பெனியையா?"

"கம்பெனியத்தான்" என்றாள் திரௌபதி.

"கம்பெனிக்கு எம்டி யாரு? பொம்பளைங்க பேர்ல இருந்தா லோனு சுலுவுன்னு என்னத்தான உக்கார வச்சி கையெழுத்து வாங்கினாரு? அதுக்கப்பறம் ஒரு நாளாவது எம்டின்னு ஒரு மரியாத உண்டா? நான்தான் வாங்குவன்."

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கிழக்குப் பார்த்து நின்று தட்டை வாங்கினாள். வாங்கியவள் பழத்தைத் திருப்பிப் பார்த்து, "கேசுக்குன்னா பூவம்பழம் போதும்னு நெனச்சிட்டீங்களா அண்ணி? வளைகாப்புக்கு ரஸ்தாளிதான் கொண்டாரணும்" என்றாள். கோபம் போய்விட்டது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

கலியமூர்த்திக்கு இன்னும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. "அம்மன் பேரு பிரதிவாதின்னு வருமே. கோர்ட்டுல கூப்புடுவாங்களே. தெய்வ குத்தம் ஆவாதா?"

"கூப்புடட்டும் அண்ணா. பெரியநாயகி வந்து நின்னா எவன் வாயில பொய்யி வரும்?"

கேஸ் அழைப்புக்கு வந்த நாளில் மழை விட்டிருந்தது. கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ராஜம்மாள் அரக்குப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பின்னாலேயே வெள்ளை வேட்டியில் மாயவன். கையில் பேங்கு காகிதங்கள் இருந்த மஞ்சள் பை. இளமதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அம்மா, இது விசேஷம் இல்லைங்க."

"தட்டு வாங்கியிருக்கறனே. சும்மா வர முடியுமா?"

டவாலி வாசலுக்கு வந்து, கடன் கொடுத்தவர் பேரைக் கூப்பிட்டான். கலியமூர்த்தியைக் கூப்பிட்டான். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, "ஸ்ரீ பெரியநாயகி செராமிக்ஸ் பிரைவேட் லிமிடெட்" என்று மூன்று தடவை கூவினான். வராந்தாவில் வேறு ஏதோ கேஸுக்காக உட்கார்ந்திருந்த ஒரு பெண், பெரியநாயகி என்ற பேரைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ராஜம்மாள், "வந்துட்டன், வந்துட்டன்" என்று உள்ளே போனாள்.

மங்களூர்க்காரரின் வக்கீல் எழுந்தார். இவர்கள் சம்பந்திகள், கூட்டுச் சேர்ந்துகொண்டு வழக்கை இழுத்தடிக்கப் பார்க்கிறார்கள், இந்தக் கம்பெனிக்கும் கடனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றார். இளமதி அதிகம் பேசவில்லை. அடமான மனையில் பாதி கம்பெனி பெயரில் பதிவாகியிருப்பதையும், கம்பெனி கணக்கிலிருந்து வாதியின் கணக்குக்குப் பணம் போயிருப்பதையும் சொல்லிவிட்டு நின்றாள்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக ராஜம்மாளைப் பார்த்தார்.

"உங்களை இந்த வழக்கில் சேர்ப்பதில் ஆட்சேபணை உண்டா?"

"ஒரு ஆட்சேபணையும் இல்லைங்க. முறையா அழைச்சாங்க, வந்தம்."

"நோட்டீஸ் கிடைத்ததா?"

"நோட்டீசு அப்பறமாதாங்க வந்துச்சி. அதுக்கு முன்னாடியே வெத்தல பாக்கு வந்துடுச்சி."

பின்னால் வக்கீல்கள் சிரித்தார்கள். நீதிபதி குனிந்து காகிதத்தைப் புரட்டினார். நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நிமிர்ந்து, இடத்தில் பாதிக்குச் சொந்தக்காரரை விட்டுவிட்டு அடமான வழக்கை எப்படி நடத்துவது என்று எதிர்த்தரப்பைக் கேட்டார். மனு அனுமதிக்கப்பட்டது. கம்பெனி மூன்றாம் பிரதிவாதி ஆயிற்று. பணம் போன விவரத்தைக் கம்பெனி அடுத்த வாய்தாவில் தாக்கல் செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். திரௌபதி பையிலிருந்து வறுத்த மல்லாட்டையை எடுத்துக் கொடுத்தாள். ராஜம்மாள் கடலையை உடைத்துக்கொண்டே, "ஏன் அண்ணி, மூணாவதுன்னுட்டாங்க? மொதலாவதா போடக் கூடாதா?" என்று கேட்டாள். "அடுத்த கேசுல போட்டுக்கலாம்" என்றார் மாயவன். "ஒங்க வாய்ல நல்ல வார்த்தையே வராது" என்று அவர் தொடையில் ஒரு தட்டு தட்டினாள்.

அப்போது வேப்பமரத்தடியில் மங்களூர்க்காரர் வந்து நின்றார். வெளுத்த சட்டை, கையில் கார் சாவி. வக்கீலோடு என்னவோ பேசிவிட்டு, கலியமூர்த்தியைப் பார்த்து ஒற்றை விரலால் கூப்பிட்டார். கடன் வாங்கிய நாளிலிருந்து அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கூப்பிட்டால் கலியமூர்த்தி துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு ஓடுவார். மரத்தடியில் தனியாக நிற்க வைத்து அவர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வருவார். இந்தத் தடவையும் உடம்பு பழக்கத்தில் எழுந்துவிட்டது. துண்டையும் எடுத்துவிட்டார். திரௌபதி அவரைப் பார்த்தாள்.

கலியமூர்த்தி துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இங்கதான் வாங்களேன்!" என்று நின்ற இடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னார். "நான் தனியா பேச மாட்டன். நாங்க மூணு பிரதிவாதி."

கோர்ட்டு வராந்தாவே திரும்பிப் பார்த்தது. மங்களூர்க்காரர் விரலை மடக்கிக்கொண்டார். பிறகு தேங்கிய தண்ணீரில் வேட்டி படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டித் தாண்டி அவரே வந்தார். ராஜம்மாள் எழுந்திருக்கவில்லை. மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டுப் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள்.

"உக்காருங்க. என்னா சேதி?"

அவர் உட்காரவில்லை. எதற்கு வீணாக அலைய வேண்டும், கணக்குப்பிள்ளை ஏதோ தப்பாக எழுதிவிட்டான் போலிருக்கிறது, அந்தக் கடைசித் தவணையைக் கொடுத்துவிட்டால் அடமானத்தை ரத்து பண்ணிக் கொடுத்துவிடுகிறேன், பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். சொல்லும்போது மஞ்சள் பையையே பார்த்தார்.

"முடிச்சிக்கலாங்க" என்றாள் இளமதி. "இங்க வராந்தாவுல இல்ல. உள்ள, ஜட்ஜு முன்னாடி எழுதி முடிச்சிக்கலாம். அடுத்த வாய்தாவுக்கு நீங்க ரத்துப் பத்திரத்தோட வாங்க, அவங்க பணத்தோட வருவாங்க."

அவர் மாயவனைப் பார்த்தார், திரௌபதியைப் பார்த்தார், கடைசியாகக் கலியமூர்த்தியைப் பார்த்தார். பார்க்கிற பக்கமெல்லாம் ஆள் இருந்தது. "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரௌபதி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதனால் அழுதாள். ராஜம்மாள் அவள் முதுகைத் தடவி, "போதும் அண்ணி, மொதல்ல பொண்ணுக்கு போன் போடுங்க. காலையிலேருந்து சாப்புடாம உக்காந்திருக்கறா" என்றாள்.

போன் ஒரு மணி அடிப்பதற்குள் வேல்விழி எடுத்துவிட்டாள். "என்னாம்மா ஆச்சி? அத்த ஏதாவது பேசிடுச்சா கோர்ட்டுல?"

திரௌபதி மூக்கை உறிஞ்சினாள். கலியமூர்த்தி போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை தலையைச் சொறியவில்லை, மழையைப் பற்றியும் பேசவில்லை.

"வளைகாப்பு முடிஞ்சதும் ஒன்ன அழைச்சிகினு வர்றம்மா" என்றார். "நம்ம வூட்டுக்கு."